பயோடில்: குதிரைக்குப் போடும் களைப்பு ஊசியும் அதன் நகலும், வாங்கலாமா?

போலோ, எண்டியூரன்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டம், ஷோ ஜம்பிங் என்று எந்தப் போட்டியானாலும், ஓடிக் களைத்த குதிரைக்கு ஒரு டானிக் ஊசி போடுவது பல நாட்டு லாயங்களில் ஊறிப்போன பழக்கம். அந்த ஊசிகளில் பேர்போனது பயோடில். பிரான்ஸின் மெரியல் நிறுவனம் கொண்டுவந்த மருந்து. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் சட்டப்படி விற்றது. அமெரிக்காவில் அதற்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யின் அனுமதி கிடையாது. அனுமதி இல்லை என்பதால் அங்கே கலவை மருந்துக்கடைகளில், அதாவது மருத்துவர் சீட்டின்படி மூலப்பொருள்களைத் தாங்களே கலந்து மருந்து செய்து தரும் கடைகளில், அதே சேர்மானத்தில் நகல் செய்து தரச் சொல்வார்கள். 2009இல் அப்படிச் செய்த ஒரு நகலால் 21 போலோ குதிரைகள் செத்தன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அசல் பயோடில், லேபிளில் உள்ள அளவுக்குள் போட்டால் பெரும்பாலும் கெடுதல் செய்யாது. பெரிய நன்மையும் செய்யாது. நகலை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த மருந்துக்கடைக்காரர் கெட்டவர் என்பதால் இல்லை. குப்பிக்குள் இருக்கும் ஐந்து பொருள்களில் ஒன்று, எடை போடுவதில் சின்னப் பிசகு வந்தால்கூட மன்னிக்காத பொருள் என்பதால்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

100 மி.லி. பயோடிலில் இருப்பவை: ஏ.டி.பி. 100 மி.கி., மெக்னீசியம் ஆஸ்பார்டேட் 1.5 கிராம், பொட்டாசியம் ஆஸ்பார்டேட் 1 கிராம், சோடியம் செலினைட் 100 மி.கி., வைட்டமின் பி12 50 மி.கி. இதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

ஏ.டி.பி. என்பது தசைக்கு வேண்டிய ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறு. கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் ஊசி வழியாக ரத்தத்தில் கலந்த ஏ.டி.பி. வெகு சீக்கிரம் சிதைந்துவிடும். தசைச் செல்லுக்குள் போய் எரிபொருளாக நிற்காது. செல் தனக்கு வேண்டியதைத் தானே உள்ளே தயாரித்துக்கொள்கிறது.

மெக்னீசியமும் பொட்டாசியமும் களைத்த குதிரைக்கு வேண்டியவைதான், ஆனால் இந்த அளவில் இல்லை. 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு மெக்னீசியம் சுமார் 7.5 கிராம் தேவை. பொட்டாசியம் சுமார் 25 கிராம் தேவை. 10 கிலோ நல்ல காய்ந்த புல் தின்றாலே 100 கிராமுக்கு மேல் சேர்ந்துவிடும். 20 மி.லி. ஊசியில் போவதோ 200 மி.கி. பொட்டாசியம் உப்பு. ஒரு வாய் புல்லில் வருவதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. வியர்வையில் போன உப்பை ஈடுகட்ட வேண்டுமானால் வாளித் தண்ணீரும் தீவனத்தில் கலக்கும் எலக்ட்ரோலைட்டும்தான் வழி.

பி12 குதிரையின் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களே தயாரித்துக் கொடுக்கின்றன. தீவனத்தில் கோபால்ட் இருந்தால் போதும். ஆரோக்கியமான வளர்ந்த குதிரைக்குப் பி12 குறைபாடு வருவதாக யாரும் காட்டியதில்லை. ஆனால் பி12 ஒரு காரியம் செய்கிறது: கரைசலுக்கு ஆழ்ந்த சிவப்பு நிறம் தருகிறது. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் செம்பருத்திச் சாறு மாதிரி தெரியும். சோடியம் செலினைட்டோ நிறமற்றது. அது ஒரு மடங்கு இருந்தாலும் நூறு மடங்கு இருந்தாலும் அந்தச் சிவப்பில் ஒரு மாற்றமும் தெரியாது. ஊசி போடுகிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மிச்சம் செலினியம். ஐந்தில் மருந்தாக வேலை செய்யக்கூடியது இது ஒன்றுதான். குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் என்ற என்சைமுக்குச் செலினியம் வேண்டும். உழைக்கும் தசையில் உருவாகும் கழிவுகளிலிருந்து செல்சவ்வைக் காப்பது அந்த என்சைம். செலினியம் குறைந்த மண் உள்ள இடங்களில், புளோரிடா உட்பட, குட்டிகளுக்குத் தசை சிதைந்து வெளுக்கும் வெண்தசை நோய் வருவது உண்மை. ஆனால் சிவப்பணு உருவாகும்போதுதான் அந்த என்சைம் அதற்குள் சேர்கிறது. ஆகவே காலையில் ஊசி போட்டு மாலை ஆட்டத்துக்குப் பலன் எதிர்பார்ப்பது வீண். ஓடிய குதிரை தசை இறுகி நின்றுவிட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: தசையில் சர்க்கரை தேங்கும் பரம்பரைக் கோளாறு, ஓய்வு நாளிலும் குறைக்காமல் போட்ட தானியம், உப்பிழப்பு, பழக்கத்துக்கு மீறிய உழைப்பு. செலினியம் குறைந்திருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யாமல் செலினியம் ஊசி போடுவதில் அர்த்தமே இல்லை. வளர்ந்த குதிரையின் ரத்தச் சீரத்தில் மில்லி லிட்டருக்கு 130 முதல் 160 நானோகிராம் இருந்தால் போதுமான அளவு.

வெலிங்டனில் நடந்தது

2009 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. புளோரிடாவின் வெலிங்டனில் உள்ள இன்டர்நேஷனல் போலோ கிளப் பாம் பீச்சில் அமெரிக்க ஓப்பன் போலோ போட்டி. வெனிசுவேலாவைச் சேர்ந்த வங்கி முதலாளி விக்டர் வார்கஸின் லெச்சூசா கராகஸ் அணிக் குதிரைகளை வண்டியிலிருந்து இறக்கும்போதே சில தள்ளாடின, சில விழுந்தன. மருத்துவர்கள் ஓடிவந்து குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார்கள், மின்விசிறி வைத்தார்கள், நரம்பில் திரவம் ஏற்றினார்கள். எதுவும் பிடிக்கவில்லை. மறுநாளுக்குள் 21 குதிரைகள் போய்விட்டன.

முதலில் எல்லா விதமான சந்தேகமும் எழுந்தது: ஊக்கமருந்து, தீவனத்தில் நஞ்சு, தொற்றுநோய், யாரோ வேண்டுமென்றே செய்த சதி. முதல் கட்டப் பிரேதப் பரிசோதனையில் உள்ளுறுப்புகளில் ரத்தக்கசிவு தெரிந்தது. ஆனால் அதை வைத்து இன்ன நஞ்சு என்று சொல்லிவிட முடியாது. உண்மையான துப்பு வேறொன்று. அணி வெளியிட்ட அறிக்கையே அதைச் சொன்னது: அந்தக் கலவை ஊசி போட்ட குதிரைகள் மட்டுமே நோயுற்றன, ஊசி போட்ட 3 மணி நேரத்துக்குள் இறந்தன, போடாத குதிரைகள் எப்போதும்போல இருந்தன. அணித் தலைவர் ஹுவான் மார்ட்டின் நேரோவும் ஊசிதான் காரணம் என்று அர்ஜென்டினாவின் லா நாசியோன் நாளிதழிடம் பேசியிருந்தார்.

ஏப்ரல் 23 அன்று ஓகாலா நகரின் ஃபிராங்க்ஸ் பார்மசி தானாகவே அறிவித்தது: மருத்துவரின் சீட்டின்படி தாங்கள் தயாரித்த அந்த மருந்தில் ஒரு பொருளின் வீரியம் தவறாக இருந்தது என்று உள்விசாரணையில் தெரிந்ததாக. எந்தப் பொருள் என்று அப்போது சொல்லவில்லை. அடுத்த சில நாட்களில் புளோரிடா மாநில ஆய்வகங்களின் முடிவு வந்தது: குதிரைகளின் உடலில் செலினியம் மிகமிக அதிகம்.

பல குதிரைகள் ஒரே நாளில் சாய்ந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: சாய்ந்தவற்றுக்குப் போய், சாயாதவற்றுக்குப் போகாதது எது? வெலிங்டனில் அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் இருந்தது.

கலவையில் பிசகு வருவது எப்படி

எந்தக் கலவைக் கடையையும் வைத்துச் சொல்லவில்லை. பொதுவாக எங்கெங்கே வழுக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

ஒரு லிட்டர் கரைசல் தயாரிக்கிறார்கள் என்று வையுங்கள். மெக்னீசியம் உப்பு 15 கிராம், பொட்டாசியம் உப்பு 10 கிராம், சோடியம் செலினைட் 1 கிராம். மூன்றும் வெள்ளைத் தூள். மூன்றில் செலினைட்தான் மிகக் குறைவு. 10 கிராம் போட்டாலும் தட்டில் பார்க்க விபரீதமாகத் தெரியாது, பக்கத்துத் தூளும் அவ்வளவுதானே இருக்கிறது.

அடுத்த வழுக்கல், செலினியமா சோடியம் செலினைட்டா என்பது. செலினைட் உப்பின் எடையில் செலினியம் 45.7 சதவீதம். சீட்டில் 'செலினியம் 1 மி.கி.' என்றிருந்தால் 2.19 மி.கி. உப்பு வேண்டும், 'செலினைட் 1 மி.கி.' என்றால் 1 மி.கி. போதும். ஒன்றை மற்றொன்றாகப் படித்தால் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். போதாக்குறைக்கு, ஐந்து நீர் மூலக்கூறுகளோடு வரும் செலினைட் படிகமும் விற்கிறது; அதில் செலினியம் 30 சதவீதம்தான். எந்த ஜாடியைத் திறந்தோம் என்று கவனிக்காவிட்டால் கணக்கு மறுபடியும் மாறும்.

இவை இரண்டு மடங்குத் தவறுகள். குதிரை பிழைத்துக்கொள்ளும். உயிரை வாங்குவது தசமப் புள்ளி நகர்வதும், மில்லிகிராமும் கிராமும் குழம்புவதும். அசலில் 10 மி.லி. ஊசி போட்டால் உள்ளே போவது 10 மி.கி. செலினைட், அதாவது சுமார் 4.6 மி.கி. செலினியம். புள்ளி ஓர் இடம் நகர்ந்தால் 46 மி.கி.; 450 கிலோ குதிரைக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. அமெரிக்காவில் அனுமதி பெற்ற செலினியம் ஊசியின் அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆபத்துதான், ஆனாலும் தப்ப வாய்ப்புண்டு. இரண்டு இடம் நகர்ந்தால் 457 மி.கி.; கிலோவுக்கு 1 மி.கி. ஊசி வழியாகப் போன செலினியத்தில் கிலோவுக்கு 1 மி.கி.க்கும் குறைந்த அளவே ஆடுகளைக் கொன்றிருக்கிறது. வாய்வழி போனால் குடல் ஓரளவு தடுக்கும், கல்லீரல் முதலில் சந்திக்கும். நரம்பு ஊசிக்கு அந்தத் தடுப்பு எதுவும் இல்லை.

மருந்துத் தொழிற்சாலையில் ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்து, லேபிளில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றா என்று பார்த்த பிறகே வெளியே விடுகிறார்கள். கலவைக் கடையில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஒருவர் எடை போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பதோடு நின்றுவிடும். அதுவும் நடந்தால்தான் உண்டு. அசலுக்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு முழுக்க இந்த ஒரு சோதனையில்தான் இருக்கிறது. சேர்மானம் ஒன்றாக இருந்தாலும், பெயர் ஒன்றாக இருந்தாலும், இரண்டும் ஒரே பொருள் ஆகாது.

இந்தப் பிரச்சினை 2009உடன் ஓயவும் இல்லை. எஃப்.டி.ஏ. 2010இல் அந்த மருந்துக்கடை மீது வழக்குப் போட்டது. விலங்குகளுக்காக மூலப்பொருளிலிருந்து மருந்து கலப்பதைத் தடுக்க வேண்டும் என்பது கோரிக்கை. 2011 செப்டம்பரில் புளோரிடா மத்திய மாவட்ட நீதிமன்றம் கடைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் வழக்கே பொருளிழந்துபோக, 2012இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. விலங்குகளுக்கான கலவை மருந்து பற்றிய எஃப்.டி.ஏ.யின் வழிகாட்டுதல் இறுதியானது 2022இல்தான். இடையில் 2014இல், ஈ.பி.எம். என்ற நரம்பு நோய்க்காகக் கென்டக்கியில் கலந்த டோல்ட்ராசுரில்–பைரிமெத்தமின் மருந்தில் பைரிமெத்தமின் பல மடங்கு கூடிப்போய்க் குதிரைகள் இறந்தன. அதே நோய்க்கு அனுமதி பெற்ற மருந்துகள் அப்போதே விற்பனையில் இருந்தன என்பதுதான் மனதை அறுக்கிறது. மூச்சுக்குழாயை விரிக்கக் கொடுக்கும் கிளென்புட்டரால் கலவையிலும் இதே கதை: மைக்ரோகிராமில் அளக்க வேண்டிய மருந்தில் வீரியம் எகிறிப்போய், இதயம் படபடத்து, வியர்த்து நடுங்கிக் குதிரைகள் வீழ்ந்திருக்கின்றன.

உள்ளே போனதும் என்ன ஆகிறது

அளவுக்குமேல் போன செலினைட், எந்தச் செல்சவ்வைக் காக்க வேண்டுமோ அதையே எரிக்கிறது. நுரையீரலின் நுண்குழாய்கள் கசிந்து நீர் கோக்கிறது. இதயத் தசை நார்கள் சிதைகின்றன. ரத்த அழுத்தம் சரிகிறது. வெளியில் தெரியும் அறிகுறிகள்: திடீர் வியர்வை, தள்ளாட்டம், வேகமான ஆழமற்ற மூச்சு, காய்ச்சல், மூக்கில் நுரை, படுத்தால் எழ முடியாமை. வாயில் பூண்டு வாடை வரலாம். வரவில்லை என்பதால் செலினியம் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மாற்று மருந்து கிடையாது. ஆர்செனிக் நஞ்சுக்குப் போடும் டைமர்காப்ரால் இங்கே நிலைமையை மோசமாக்கும். மருத்துவரால் முடிந்தது ஆக்சிஜன், அளவறிந்த திரவம், நுரையீரல் நீருக்கு ஃபுரோசமைட், அவ்வளவே. ஊசியில் போன நஞ்சுக்குக் கரித்தூள் கொடுத்தும் பலன் இல்லை.

லாயத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதை வரிசைப்படி சொல்கிறோம். அடுத்த குதிரைக்குப் போகும் ஊசியை அந்த நொடியே நிறுத்துங்கள். விழுந்ததை நடத்திப் பார்க்காதீர்கள். காலிக் குப்பி, பாதிக் குப்பி, சிரிஞ்சு, ஊசி உறை அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கட்டி, ஒருவர் பொறுப்பில் வையுங்கள், கழுவிவிடாதீர்கள். எந்தக் குதிரைக்கு எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி., நரம்பிலா சதையிலா என்று உடனே எழுதுங்கள், நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நன்றாக இருக்கும் குதிரைகளையும் அதே தாளில் சேருங்கள். துப்பு கிடைப்பது பெரும்பாலும் அந்த வரிகளிலிருந்துதான். மருத்துவர் வந்ததும், சிகிச்சை தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்: ஊதா மூடிக் குழாயில் ஒன்று, நுண்தாதுக்களுக்கான கருநீல மூடிக் குழாயில் ஒன்று. இறந்த குதிரையை அங்கேயே அறுக்க விடாமல் நிழலில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கல்லீரலும் சிறுநீரகமும் உறைய வைத்தும், இதயத் துண்டு ஃபார்மலினிலும் போக வேண்டும்.

ஊசி இல்லை என்றால்

ஊசியே போடாத லாயத்தில் குதிரைகள் திடீரென்று விழுந்தால் சந்தேகம் தீவனத்தின் மேல் போக வேண்டும். அதில் முதல் இடம் மோனென்சினுக்கு. மாட்டுக்கும் கோழிக்கும் தீவனத்தில் சேர்க்கும் மருந்து அது. கோழிகளில் பாதியைக் கொல்லும் அளவு கிலோ உடல் எடைக்கு 200 மி.கி., குதிரைகளில் பாதியைக் கொல்லும் அளவு கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி.தான். 20 சதவீத வீரியமுள்ள செறிகலவையில் 5 முதல் 7 கிராம், ஒரு தேக்கரண்டிதான், ஒரு குதிரைக்கு அந்த அளவைத் தொட்டுவிடும். மாட்டுத் தீவனம் அரைத்த அதே எந்திரத்தில் சரியாகச் சுத்தம் செய்யாமல் குதிரைத் தீவனம் அரைத்தால் போதும். 2014இல் புளோரிடாவின் டேவியில் ஒரு குதிரைப் பயிற்சி நிலையத்தையே இப்படி ஒரு தீவனம் காலி செய்தது. மோனென்சின் பெரும்பாலும் செலினியம் ஊசி மாதிரி சில மணி நேரத்தில் கொல்வதில்லை. குதிரை தீவனத்தை ஒதுக்கும், வயிறு வலிக்கும், பிறகு பின்னங்கால் தளரும், இதயம் தடுமாறும். பிழைத்த குதிரையின் இதயத்தில் தழும்பு நின்றுவிடும். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்காமல் அதன்மேல் ஏறவே கூடாது. நாமக்கல், பல்லடம் பக்கம் கோழித் தீவன ஆலைகளுக்கு நடுவில் குதிரை வளர்ப்பவர்கள், அந்த ஆலையில் அரைத்த எதையும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள்.

பாட்டுலிசம் அடுத்தது; கெட்ட தீவனத்தில் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சால் தசைகள் செயலிழக்கும் நோய் அது. 2022 டிசம்பரில் கொலராடோவில் தயாரான குதிரைமசால் கட்டிகளைத் தின்று லூசியானா, டெக்சஸ், நியூ மெக்சிகோ, கொலராடோ மாநிலங்களில் குதிரைகள் செத்தன. நாக்கு தொங்கும், விழுங்க முடியாது, இமை சரியும், வால் பிடித்துத் தூக்கினால் எதிர்ப்பே இருக்காது. அங்கே பிடிபட்டது சி வகை நஞ்சு. அமெரிக்காவில் விற்கும் தடுப்பூசி பி வகைக்கு மட்டுமே. தடுப்பூசி போட்டோம் என்ற நிம்மதி அங்கே உதவவில்லை. குதிரைமசாலிலேயே கொப்புள வண்டு இருந்தால் வேறு கதை: வாய்ப்புண், வயிற்றுவலி, அடிக்கடி சிறுநீர். அறுவடை எந்திரம் வண்டையும் சேர்த்து நசுக்கிவிடுவதால் புல்லோடு புல்லாக வந்துவிடும்.

அரளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சையோ காய்ந்ததோ, 30 கிராம் இலை ஒரு குதிரையின் இதயத்தை நிறுத்தப் போதும். புளோரிடாவில் வேலிக்கு வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை நடுவில் வரிசையாக நிற்கிறது. பச்சையில் கசப்பால் குதிரை தொடாது, வெட்டிப் போட்டுக் காய்ந்த தழை புல்லில் கலந்தால் தின்றுவிடும்.

மாற்றாக எதை வாங்கலாம்

அமெரிக்காவில் குதிரைக்கு அனுமதி பெற்ற ஊசி இ-எஸ்இ. மி.லி.க்கு 2.5 மி.கி. செலினியம், கூடவே வைட்டமின் ஈ. 100 பவுண்டு உடல் எடைக்கு 1 மி.லி. என்பது அளவு, 1,000 பவுண்டு குதிரைக்கு 10 மி.லி., அதாவது 25 மி.கி. செலினியம். நரம்பில் மெதுவாக, அல்லது சதையில் இரண்டு மூன்று இடங்களில் பிரித்து. குறைபாடு உறுதியான குதிரைக்கு நல்ல மருந்து. ஆனால் லேபிளிலேயே ஒவ்வாமை அதிர்ச்சி எச்சரிக்கை உண்டு. எப்போதாவது ஒரு குதிரை ஊசி முடிந்த சில நிமிடத்தில் விழும். அந்த அதிர்ச்சிக்குக் கொடுக்கும் எபினெப்ரின் கையில் இல்லாமல் போடக் கூடாது.

இன்னொரு குறை, பெயர் குழப்பம். இதே குடும்பத்தில் ஆட்டுக்கும் கன்றுக்கும் போ-எஸ்இ (மி.லி.க்கு 1 மி.கி.), மாட்டுக்கு மியூ-எஸ்இ (5 மி.கி.) என்று இருக்கின்றன. மாடும் குதிரையும் உள்ள பண்ணையில் ஒரே குளிர்பெட்டியில் இவற்றை வைத்தால், அவசரத்தில் மியூ-எஸ்இ கைக்கு வந்து இரட்டை அளவு போய்விடும். தனித்தனி தட்டு வேண்டும்.

பெரும்பாலான விளையாட்டுக் குதிரைகளுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஊசியே இல்லை: தீவனத்தில் கலக்கும் இயற்கை வைட்டமின் ஈ. பச்சைப்புல் மேயாமல் காய்ந்த புல்லிலேயே வாழும் குதிரைக்குக் குறைவது பெரும்பாலும் செலினியமல்ல, வைட்டமின் ஈ. ஒரு நாளைக்கு 1,000 முதல் 2,000 ஐ.யூ. (வைட்டமின் அளக்கும் அலகு), தண்ணீரில் கரையும் வகையானால் உறிஞ்சுவது நன்றாக இருக்கும். கொஞ்சம் கூடிப்போனாலும் செலினியம்போல உயிரை வாங்காது. விலை அதிகம்தான், கொடுக்கத் தகும்.

வாய்வழிச் செலினியத்தில் கவனிக்க வேண்டியது, ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்வது. கிலோவுக்கு 0.5 மி.கி. உள்ள அடர்தீவனம் 4 கிலோ போட்டால் 2 மி.கி. வந்தாயிற்று. அதோடு 'தசைக்கு' என்று ஒரு பொடியில் 2 மி.கி., 'குளம்புக்கு' என்று இன்னொன்றில் 1 மி.கி., தாதுக்கட்டியில் கொஞ்சம். 500 கிலோ குதிரைக்கு 1 மி.கி. குறைந்தபட்சம், 2 முதல் 3 மி.கி. வசதியான அளவு, இங்கே 5ஐத் தாண்டிவிட்டது. உடனே கொல்லாது. மாதக்கணக்கில் இன்னும் பல மடங்கு ஏறினால் பிடரியும் வாலும் உதிரும், குளம்பின் மேல்விளிம்பில் வளையமாக வெடிக்கும். வாங்கும் முன் எல்லா டப்பாவின் லேபிளையும் மேசையில் பரப்பி ஒரு கூட்டல் போடுங்கள்.

அப்படியும் கலவை மருந்துதான் வேண்டும் என்றால்

அனுமதி பெற்ற மருந்தே இல்லாத நோய் என்றால் கலவைக் கடைக்குப் போகத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. களைப்பு ஊசி அந்த ரகத்தில் சேராது. போகும்போது மருத்துவரிடம் சீட்டில் உப்பின் முழுப்பெயர், மி.லி.க்கு எத்தனை மி.கி., மொத்தம் எத்தனை மி.லி. மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 'பயோடில் மாதிரி' என்ற ஒற்றை வரியில் விட்டுவிடாதீர்கள். '.5' என்று எழுதினால் புள்ளி தொலையும், '0.5' என்றே இருக்க வேண்டும். '5.0' என்பதில் புள்ளி தொலைந்தால் 50 ஆகும். வெறும் '5' போதும். அந்தத் தொகுதியை வெளி ஆய்வகத்தில் வீரியம் சோதித்த சான்று கேளுங்கள். தர முடியாது என்றால் வாங்காதீர்கள். செலினைட் உள்ள கரைசலோடு வைட்டமின் சி ஊசியை ஒரே சிரிஞ்சில் இழுக்காதீர்கள்; செலினியம் பிரிந்து செந்தூளாகப் படியும், பி12 நிறத்தில் அதுவும் தெரியாது.

புதுத் தொகுதி வந்தால் ஒரே காலையில் லாயம் முழுக்கப் போடாதீர்கள். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது ஒரு குதிரைக்குப் போட்டுவிட்டு, ஒரு முழுநாள் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் பிரிக்காத குப்பி ஒன்றை, தொகுதி எண்ணும் வந்த தேதியும் எழுதிக் குளிர்பெட்டியில் ஒதுக்கி வையுங்கள். தீவன மூட்டைக்கும் அதே விதி: புது மூட்டை திறக்கும்போது அரைக் கிலோ எடுத்துக் காகிதப் பையில் கட்டி, மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைக் கிழித்து உள்ளே போட்டு, அந்த மூட்டை தீர்ந்து ஒரு மாதம் ஆகும்வரை தூக்கி எறியாதீர்கள்.